எங்கள் அடுப்பில் உருளைக்கிழங்கு

எங்கள் வீட்டில் மண்ணுக்கடியில் விளையும் எதையும் சமைப்பதில்லை. நாங்கள் சமணர்கள். ஒரு கிழங்கைப் பிடுங்கினால் அதோடு எத்தனை உயிர் போகும் தெரியுமா என்பார் அம்மா. நானும் அப்படித்தான் இருக்கிறேன், கொள்கையால் அல்ல, சோம்பலால். வேலையாக வெளியூர் போனால் மசால் தோசையைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, திரும்பி வரும் பேருந்தில் தத்துவ நூல் படிக்கிறவன்.

மனைவி பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். காதல் கல்யாணம். போன கார்த்திகையில், முளைவிட்ட கிழங்கு எட்டைப் பிறந்த வீட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“இருபத்திரண்டு வருஷமா எங்கம்மா வீட்டுல போய்த் தின்னுட்டு, வாயத் தொடச்சிக்கினு வரேன். ஒரே ஒருவாட்டி, நானே வளத்து, என் அடுப்புல வதக்கித் தின்னணும். உங்கம்மாகிட்ட நீங்க கேளுங்க.”

நான் கேட்கவில்லை. முதலில் விளையட்டும், பார்க்கலாம் என்றேன். விளையாது என்கிற நம்பிக்கைதான். வாலாஜாபாத் பக்கமிருக்கும் எங்கள் நிலத்து மண்ணை எட்டு சிமெண்ட் சாக்கில் கட்டி, இரண்டு மாடி ஏற்றினேன். ஐம்பத்திரண்டு வயதில் என் முதுகெலும்புகள் ஒவ்வொன்றாகத் தங்களை அறிமுகம் செய்துகொண்டன.

அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. செடி தழைத்ததும் மெதுவாகப் படியேறி வந்து பார்த்தார்.

“எல நல்லா இருக்குது. கூட்டு வெக்கலாமாம்மா?”

“அது விஷம் அத்தை.”

“மேல விஷம், கீழ பாவம். நல்ல செடியாப் பாத்துதான் வெச்சிருக்கற.”

தை கடைசியில் செடிகள் மஞ்சளாகித் தொங்கின. கிழங்கு தயார் என்று அர்த்தமாம். கிழங்கே நுழையாத வீட்டில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும்? மனைவிக்கோ அது கடையில் கூடையில் கிடக்கும் என்பது வரைதான் தெரியும். செடி சாகிறதென்று பதறி, பதினைந்து நாள் குடம் குடமாக ஊற்றினேன். ஒரு சாக்கிலிருந்து நாற்றம் கிளம்பிய பிறகுதான் கைப்பேசியில் தேடிப் பார்த்தோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு மாடிக்குப் போனேன். பின்னாலேயே அம்மா.

“அதக் கீழ வை. கையால எடு. புழு இருக்குது.”

பழைய போர்வையை விரித்து, ஒவ்வொரு சாக்காக மெல்லச் சாய்த்தேன். மனைவி கிழங்கு பொறுக்கினாள். அம்மா மண்புழு பொறுக்கி, ஈர மண் போட்ட தொட்டியில் விட்டார். பாதி புழு, பாதி அழுகல். வெயில் ஏறிக்கொண்டே போனது.

“கெழங்கவிட புழுதான் நல்லா வெளஞ்சிருக்குது” என்றாள் மனைவி.

“உம் புருஷன் ஊத்துன தண்ணி அதுங்களுக்குப் புடிச்சிருக்குது” என்றார் அம்மா.

எட்டாவது சாக்கு முடியும்போது மணி பன்னிரண்டு. தேறியது ஒரு கிண்ணம் கிழங்கு, பெரிய நெல்லிக்காய் அளவில். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவி என்னைப் பார்த்தாள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவளே கேட்டாள்.

“அத்தை, நம்ம அடுப்புல செய்யட்டுமா?”

அம்மா விரலில் ஒட்டியிருந்த புழுவைப் பதமாகத் தொட்டியில் இறக்கினார். “செஞ்சிக்கோமா. எனக்கு இன்னிக்கு உபவாசம்.”

அது சம்மதமா, தண்டனையா? நான் படித்த நூல் எதிலும் விடை இல்லை. மனைவி கடாயை ஏற்றினாள். கடுகு வெடித்தது, மிளகாய்த்தூள் வாசனை வீடெல்லாம் பரவியது. அம்மா முன்னறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், ஒன்றை எடுத்து, மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டாள்.

“அவங்க பட்டினியாக் கெடக்கறாங்க. எனக்கு எப்பிடிங்க எறங்கும்?”

நான் முதுகைப் பிடித்துக்கொண்டே ஒரு செம்பு தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்தேன்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. “வெந்துச்சாமா?”

“வெந்துடுச்சி அத்தை.”

“அப்புறம் என்னா, ஆறிடப் போவுது. துன்னு.”

அவள் சாப்பிட்டாள். அவசரமில்லாமல், கடாயின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.