சம்பந்தி வீட்டுக் கிற்றார்

என் மகன் விபத்தில் மௌத்தாகி ஐந்தாவது மாதத்தில், அவன் செய்துகொண்டிருந்த மின்கிற்றாரைக் கேட்டு வாங்கி வருவதற்காகச் சம்பந்தியின் வீட்டுக்குப் போனேன். வாங்கி வருவதற்காக என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அது அவரிடம் இருக்கக்கூடாது என்பதே உண்மையான காரணம்.

எங்கள் கிழக்கிலங்கை ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் அந்த வீட்டுக்குப் போவான். கல்முனையில் என் மனைவியின் வீட்டுக்கு நானும் அப்படி வந்தவன்தான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த காலத்தில், வெளிநாட்டு ஆய்வாளர்கள் எவரேனும் வந்தால் இந்த ஏற்பாட்டின் நியாயங்களை அவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். ஆணைப் பெற்றவர்களின் நிலை என்னவென்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. என் மகன் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனபின், வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து ஒரு மணித்தியாலம் என்னோடு இருப்பான். வாரத்தின் மிகுதி முழுவதும் அவனுடைய மாமனாருக்குக் கிடைத்தது.

மாமனார் கடற்கரையில் பைபர் வள்ளங்கள் திருத்துபவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சம்பந்தம் செய்து ஏழு வருடங்கள் ஆகியும் என்னை 'சேர்' என்றுதான் அழைப்பார். அந்த மரியாதையை நான் நெடுநாள் விரும்பினேன்.

அக்கரைப்பற்று வீதியில், மஃரிப் நேர இருட்டில், குறுக்கே வந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி மகன் போனான். அதைப்பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

அவன் ஒரு கிற்றார் செய்கிறான் என்பதே ஜனாஸாவை அடக்கியபிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவனோடு வங்கியில் வேலை செய்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிற்றார் முடியிற கட்டத்தில நிண்டிச்சு சேர், பாவம்" என்றார். தெரிந்தவன்போல் தலையை ஆட்டினேன். பாகம் பாகமாக ஒன்றரை வருடம் வாங்கியிருக்கிறான். கழுத்து சீனாவிலிருந்து தபாலில் வந்திருக்கிறது. ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் கொழும்பில் எடுத்தவை, பழையவை. கம்பி முறுக்கும் ஆணிகளைக் கல்முனையில் யாரோ கைவிட்ட கிற்றாரிலிருந்து கழற்றியிருந்தான். ஒவ்வொரு பொதியும் மாமனாரின் விலாசத்துக்கே வந்தது. பாட்டையும் வாத்தியத்தையும் நான் ஒருபோதும் தடுத்ததில்லை. நேரத்தை வீணாக்கும் வேலை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை போதுமாயிருந்தது போலும்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள், மருமகளின் இத்தா, முடிந்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். வீட்டின் பின்புறம், வள்ளங்களுக்கான பிசின் தகரங்களுக்கு நடுவில், ஒரு மேசையில் அது கிடந்தது. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. மிக நேர்த்தியாக இருந்தது. உடல் பகுதியைச் சம்பந்தி மலைவேம்புப் பலகையில் வெட்டி, விளிம்புகளை நீரில் தேய்ந்த கல்போல உருட்டி, யாருடைய வள்ளத்துக்கோ வாங்கி மிஞ்சிய கடல்நீலம் பூசியிருந்தார்.

"வாங்க சேர், இரிங்க," என்று கதிரையைத் துடைத்தார். "இத என்ன, சின்னத் தோணியா எண்டு பொண்டாட்டி கேக்கா. ஓம், இதிலதான் உன்ன ஏத்தி அனுப்பப் போறன் எண்டு சொல்லிரிக்கன்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏத்துங்க பாப்பம்! துடுப்புப் போடுறதுக்கும் நான்தான் வரணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடிந்தது, உதடளவில்.

"மருமகனுக்கு உளி புடிக்கத் தெரியா சேர். பேங்க் ஆக்கள்ற கைக்குப் பேனைதான் எண்டு ஏசுவன். அவர் சிரிச்சிச் சிரிச்சித் திரும்பவும் புடிப்பார். அந்தா, அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இரிக்கி பாருங்க. அது அவர்ர வேல. நிரப்பாம உட்டுட்டன்."

நான் ஏசி என் மகன் சிரித்ததே இல்லை. நான் ஏசினால் "ஓம் வாப்பா" என்பான்; அத்தோடு கதை முடியும். அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். அதன் ஆழம் எத்தனை, எந்தப் பக்கத்திலிருந்து உளி வழுக்கியது, அப்போது அவன் என்ன சொன்னான் என்பதெல்லாம் இந்த மனிதருக்குத் தெரியும். எனக்கு அந்தப் பள்ளம் மட்டும் தெரியும்.

"தொழுகையாளி நீங்க. வாத்தியத்துக்குப்போய் மரம் வெட்டுறது பறவாயில்லையா எண்டு யாரும் கேக்கல்லையா?" என்றேன். புண்படுத்தவே கேட்டேன்.

"கேட்டாங்க சேர். வாசிக்கிறது அவர்ர பாடு, மரம் வெட்டுறது என்ட பாடு எண்டன்." அவருக்குப் புண்படவில்லை. "இப்ப எல்லாம் முடிஞ்சி. பிரிட்ஜ் மட்டும்தான் மிச்சம்."

பிரிட்ஜ் என்பது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தகடு. அதை இருத்த வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது.

"கழுத்து கொஞ்சம் ஆடிச்சி சேர். போன கிழம குழிய ஒரு விரலுக்கு உள்ளால வெட்டி, சிக்கெண்டு இறுக்கிப்போட்டன். நாளைக்குப் பின்னேரம் அசர் தொழுதிட்டுத் துள போடப்போறன்."

தேநீர் சொல்ல அவர் உள்ளே போனார். மேசையில் அளவு நாடா கிடந்தது. கம்பியின் மேல்முனையிலிருந்து, கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளில் பன்னிரண்டாவதுவரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜ்வரையும் அவ்வளவே இருக்கவேண்டும். முதலாம் வருட மாணவனும் அறிந்த விடயம். அளந்தேன். கோடு ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே நின்றது. கழுத்தை உள்ளே தள்ளியவர் கோட்டைத் தள்ள மறந்திருந்தார். அந்த இடத்தில் துளையிட்டால் அந்தக் கிற்றார் ஒருநாளும் சுருதியில் நிற்காது.

ஒரு வெள்ளிக்கிழமை மகன் என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. "வாப்பா, கம்பியச் சரி பாதியில அமத்தினா சத்தம் எவ்வளவால கூடும்?" அதிர்வெண் இரட்டிப்பதை அரை மணித்தியாலம் விளக்கினேன். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

சம்பந்தி திரும்பி வந்தபோது நாடா இருந்த இடத்திலேயே இருந்தது. மருமகள் பிளேன்டீ கொண்டுவந்து, "எடுங்க மாமா" என்றாள். எடுத்தேன்.

"எப்பிடி சேர், சரியா இரிக்கா?"

"நல்லா வந்திருக்கு," என்றேன்.

கிற்றாரைக் கேட்க வந்தவன் கேட்காமலே எழுந்தேன். இன்னும் ஒருநாள் அது அவரிடமே இருக்கட்டும். அவருடைய கை ஒரே ஒருமுறை தவறட்டும். அந்த நீலத்தையும் அந்த விளிம்புகளையும் செய்த கை, அளவு தெரியாத கை என்று எல்லோருக்கும் தெரியட்டும். இந்த வார்த்தைகளில் நான் அப்போது நினைக்கவில்லை. நினைத்ததை வார்த்தைகளாக்கினால் இப்படித்தான் வரும்.

மறுநாள் பகல் முழுவதும் எந்தப் புத்தகத்தையும் வாசிக்க முடியவில்லை. அசருக்குப் பாங்கு சொன்னதும், உருக்கு அளவுகோலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தடுக்கவேண்டும் என்று மனம் தீர்மானித்திருந்தது. ஆனால் வழியில் இருந்த பள்ளியில் தொழுதுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதினேன். அதிலும் ஒரு தீர்மானம் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரிட்ஜுக்கான ஐந்து துளைகளும் போட்டாயிற்று. மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார்.

"இடம் பிழை," என்றேன். அளவுகோலை வைத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "அது மருமகன் போட்ட கோடு சேர்," என்றார். "போடக்குள்ளயே சொன்னவர். மாமா, இது சும்மா கோடு, துள போடுறத்துக்கு முதல் வாப்பாக்கிட்டக் காட்டணும், அவர் பாத்தாத்தான் அளவு சரி வரும் எண்டு. உங்களக் கூட்டிவரத்தான் நினச்சிரிந்தன். மறுகா நீங்களே வந்தீங்க, பாத்தீங்க, நல்லா வந்திரிக்கி எண்டீங்க. நான் என்னத்தக் கண்டன்? சரி எண்டு நினச்சன்."

ஒன்றரை வருட வேலையில் எனக்கென்று ஓர் இடத்தை மகன் ஒதுக்கி வைத்திருந்தான். அந்த இடத்தில் நான் நின்றேன், பார்த்தேன், பேசாமல் வந்தேன்.

"நேற்று நான் கவனிக்கவில்லை," என்று சம்பந்தியிடம் சொன்னேன்.

"பறவாயில்ல சேர். உங்கட கவலைக்குள்ள உங்களுக்கு என்னத்தக் கண் தெரியப்போகுது." அவர் என் தோளைத் தொட்டார். ஏழு வருடங்களில் முதல்முறை.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் பொறாமைக்கு அவர் துக்கம் என்று பெயரிட்டுக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். மகனின் மரணத்தை ஒரு பொய்க்குப் பயன்படுத்தியதைவிடத் தாழ்ந்த ஒரு செயல் என் நினைவில் இல்லை.

வள்ளத்தின் ஓட்டைகளை அடைப்பவருக்கு ஐந்து துளைகள் பெரிய விடயமல்ல. மலைவேம்பிலேயே குச்சிகள் சீவி, பிசினில் தோய்த்து அடித்து, காய்ந்ததும் மட்டமாகத் தேய்த்தார். புதிய கோட்டை நான் போட்டேன். "போடுங்க சேர், இது உங்கட வேல" என்று பென்சிலை நீட்டியபோது அவர் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

கம்பிகள் ஏற்றி, மகன் வாங்கி வைத்திருந்த சிறிய ஒலிபெருக்கியில் செருகி, பன்னிரண்டாவது கட்டையில் ஒவ்வொன்றாக அமர்த்திப் பார்த்தேன். ஆறும் சரியாக நின்றன. எங்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒருவர் அமர்த்த மற்றவர் தட்டினோம், அவ்வளவுதான். வாசலில் நின்ற மருமகள் உள்ளே போய்விட்டாள்.

"கொண்டு போங்க சேர்," என்றார் அவர், கையைத் துடைத்தபடி. "உங்கட மகன்ட சாமான்தானே."

எத்தனை இலகுவாகச் சொன்னார். எனக்கு அப்படிக் கொடுக்க வராது என்பதில் சந்தேகமில்லை. அதற்காகவும் அவர்மேல் எரிந்தேன். எடுத்துப் போனால் அது என் அலுமாரிக்கு அருகில் நிற்கும். அதைப் பார்க்க விரும்பினால் அவர் கல்முனைக்கு வரவேண்டும். என் கதிரையில் விருந்தாளியாக உட்கார்ந்து, நான் அனுமதித்த நேரம்வரை பார்த்துவிட்டு எழுந்து போகவேண்டும். வெள்ளிக்கிழமைகளில், ஒரு மணித்தியாலம். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவ்வளவு பிடித்திருந்ததாலேயே, இங்கேயே இருக்கட்டும் என்றேன்.