அலுமினிய மோதிரம்

பேரிகையில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வந்தபிறகு ஏர் பிடிக்கவும் உடம்பு வணங்கவில்லை, வேறு வேலையும் அமையவில்லை. பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி ஒன்றைப் பெங்களூர் ஏலத்தில் எடுத்துவந்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்து ஆறு மாதம் கழற்றினார், மாட்டினார். அத்தனை நாளும் மாடுகள் வெயிலில் நின்றன. ஊர் சிரித்தது. ஒருநாள் அது உறுமிக்கொண்டு கிளம்பியபோது, அதிகமாகச் சிரித்தவர்கள்தான் முதலில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு யார் கிணற்றில் இன்ஜின் நின்றாலும் சித்தப்பாவைத் தேடி ஆள் வந்தது.

அப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு காண்ட்ராக்டருக்குக் கடிதங்களையும் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு ஓட, சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆள் தேவைப்பட்டது. சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை வண்டியோடு போய் நின்றால் வேலை அவருக்கு. இல்லையென்றால் வரிசையில் இன்னொருவன் இருந்தான். முப்பது வயது தாண்டியும் அண்ணன் எடுத்துக்கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாருமே அவரிடம் குரலை உயர்த்திப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை பழைய ஆயிலை வடித்தார். இன்ஜினின் அடிவயிற்றில் ஒரு போல்ட்டு இருக்கும். அதைக் கழற்றினால் கரிக்குழம்பு மாதிரி ஆயில் கொட்டும். வடிந்து முடிந்ததும் துளையைத் துடைத்து, போல்ட்டைக் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் அரைச்சுற்று மட்டும் கொடுத்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

எனக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுக்கு உண்டான எல்லா ஞானமும் எனக்கு இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்கு வண்டி கட்டினால், யார் பூட்டினாலும் சரி, மாட்டை நுகத்தில் பிணைக்கும் பூட்டாங்கயிற்றின் கடைசி முடிச்சை வீட்டுக்கு மூத்தவர்தான் போட வேண்டும். அப்பா வந்து கயிற்றை இழுத்து முடிந்த பிறகுதான் மாடு அடியெடுத்து வைக்கும். மோட்டார் சைக்கிளுக்குக் கயிறு இல்லை, போல்ட்டுதானே இருக்கிறது? இதை ஒருவரும் யோசிக்கவில்லையே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கழனிக்கு ஓடினேன்.

"அப்பா, சித்தப்பா வண்டிக்கு நீங்க கடைசி முடிச்சு போடல!"

அப்பா மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு உடனே வந்தார். தம்பியின் காரியத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்த சந்தோஷம் அவர் நடையிலேயே தெரிந்தது. சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை அண்ணன் கையில் கொடுத்தார்.

அப்பா தலைத்துண்டை இடுப்பில் கட்டி, காலை ஊன்றி, நுகத்தடியை இழுத்துக் கட்டுகிற பலத்தோடு முறுக்கினார்.

"போதும்ணா. அது அலுமினியம், தாங்காது."

"என்னடா தாங்காது? கிருஷ்ணகிரி போற வண்டிடா. வழியில கழண்டுகிட்டா?"

இன்னும் ஒரு முறுக்கு. உள்ளே 'கடக்' என்று ஒரு சிறிய சத்தம். அதற்குப் பிறகு ஸ்பேனர் லேசாகச் சுற்றியது. அப்பா முகம் மலர்ந்து, "பாரு, இப்பதான் நல்லா இறங்குது" என்றார்.

சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். போல்ட்டை விரலால் தொட்டதும் அது கையோடு வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பளபளவென்று ஒரு வெள்ளைக் கம்பிச் சுருளும் வந்தது. துளைக்குள் போல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் மரை முழுவதும் உரிந்து வந்திருந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"உன்மேல தப்பு இல்லண்ணா" என்றார் சித்தப்பா. "மரை முன்னாடியே தேஞ்சி இருந்திச்சி. ஏலத்துல என்னை ஏமாத்திட்டானுங்க."

நான் அந்தச் சுருளில் ஒரு வளையத்தை ஒடித்து விரலில் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

சித்தப்பா போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறினார். துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்கேற்ற பெரிய போல்ட்டு போட வேண்டும். லேத்துப் பட்டறைக்காரர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆகல்லப்பா" என்று கன்னடத்தில் கையை விரித்துவிட்டாராம். அந்த அளவுக்கு மரை வெட்டும் கருவி அவரிடம் இல்லை. பெங்களூரிலிருந்து வரவழைக்கச் செவ்வாய்க்கிழமை ஆகும். காண்ட்ராக்டர் சொன்னதோ திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தனக்கே நம்பிக்கையில்லாத ஒரு வைத்தியத்தில் இறங்கினார். போல்ட்டின்மேல் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, துணி துவைக்கும் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசி, துளைக்குள் தட்டி இறக்கினார். புது ஆயில் ஊற்றினார். அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். சாயங்காலம்வரை தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. அம்மா சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நின்ன வண்டியில சும்மா இருக்கும் அண்ணி. இன்ஜின் சூடாவட்டும், அப்பதான் தெரியும்" என்றார்.

திங்கட்கிழமை விடியும்போது கிளம்பினார். இந்த முறை அப்பா கொட்டகைப் பக்கமே வரவில்லை.

சூளகிரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சவுக்காரம் இளகி, ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது. இன்ஜின் சூட்டில் இறுகி அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டியோடு வா என்றுதானே சொல்லியிருந்தார்கள்? அந்த உயிரில்லாத பாரத்தை வெயிலில் அணைவரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதி முடிந்திருந்தது. இன்னொருவன் தன் வண்டியைக் கூடாரத்து நிழலில் நிறுத்திவிட்டுக் கடிதக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தானாம். மறுநாள் எரு ஏற்றும் வண்டி ஒன்றில் மோட்டார் சைக்கிளைப் படுக்கவைத்துக்கொண்டு சித்தப்பா திரும்பிவந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

என்னால் முடிந்த உதவியை நானும் செய்தேன். பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில், சந்தையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நடந்ததை விளக்கினேன். "எங்கப்பா மேல தப்பே இல்ல. சித்தப்பா வாங்கினதே தேஞ்ச வண்டி. ஏலத்துல ஏமாந்துட்டாரு." சாட்சிக்கு மோதிரத்தைக் காட்டினேன். ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "மரை தேஞ்சதுகூடத் தெரியாதவன் நம்ம இன்ஜினை என்னத்தப் பார்க்கப் போறான்" என்று பேசிக்கொண்டார்கள். கிணற்று வேலைக்குக் கூப்பிட வருவதும் நின்றது. சித்தப்பா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு பெங்களூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். அப்பாவின் சாவுக்குத்தான் திரும்பி வந்தார். வந்தவர் பிணத்தின் காலடியில் நின்றார், அழுதார், அன்றைக்கே போய்விட்டார். கொட்டகையில் கிடந்த மோட்டார் சைக்கிளில் கோழிகள் அடைந்தன.

நான் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை வண்டி வாங்கி, அதிலும் இதே பழுது வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஓசூர் மெக்கானிக் போல்ட்டோடு வந்த சுருளைத் தூக்கிக் காட்டினார். "தேஞ்ச மரைன்னா தூள்தூளா வரும்மா. இப்படிப் பளபளன்னு சுருளா வந்தா மரை நல்லா இருந்திச்சின்னு அர்த்தம். யாரோ பலமா முறுக்கிட்டாங்க." நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

சித்தப்பா அணையிலிருந்து வண்டியோடு திரும்பிவந்த அன்று மாலை அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தட்டின்முன் உட்கார்ந்தார். அவரைச் சிரிக்கவைக்க நினைத்து, கையை நீட்டி மோதிரத்தைக் காட்டினேன். "நல்லா இருக்காப்பா?" என்று கேட்டேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலேயே கை கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். களி ஆறிப்போயிருக்கும், அதனால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.