மெழுகு நூலில் தைத்த மூலை

மூன்று வருடமாக ஜெபக் கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு நாளும் எழுந்து சாட்சி சொன்னதில்லை. சொன்னால் நான் செய்த பாவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் கிடையாது. இப்போது என் தங்கையே சொல்லச் சொல்லிவிட்டாள்.

1973 ஐப்பசி. மழை விடாமல் பெய்த காலம். என் தங்கை பிலோமியை வேம்பாரிலிருந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எட்டாம் மாதம். பஸ்ஸிலேயே ஜன்னி கண்டுவிட்டது. அவள் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். எனக்குத் தோணிகளுக்குப் பாய் தைக்கிற வேலை. கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்து சொன்னான். கையிலிருந்த கோணி ஊசியையும் மெழுகு நூலையும் மடியில் செருகிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேருமுன் பெண் பிள்ளை பிறந்திருந்தது. என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். பிலோமி கண் திறக்கவில்லை.

அவள் மாமியார் கொண்டுவந்த பையில் ஒரு போர்வை கிடந்தது. பழைய சேலையை மடித்து, மேலே துண்டுத் துணிகளை வைத்து, பிலோமி கையால் தைக்க ஆரம்பித்த பிள்ளைப் போர்வை. பாதிதான் முடிந்திருந்தது. அதைத் தொடவே எனக்குக் கூசியது. ஏனென்றால் அதற்காக நான் அவளை ஏசியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்பு அதற்கென்று துணி தைத்தால் ஆகாது என்பார்கள். அவளோ ஏற்கெனவே இரண்டு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள். “ஏளா, ரெண்டு பட்டும் புத்தி வரலையா? பொறந்த பொறவு தைச்சா ஆகாதா?” என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. ஒரு வரிசைக்கு மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லித் தைக்கிறாளாம். “நான் தைக்கலண்ணே. மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

பிள்ளைக்குச் சூடு வேண்டும், கனமான துணி இருந்தால் கொடுங்கள் என்று நர்ஸ் கேட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்து, மீதியை என் கோணி ஊசியாலேயே தைத்தேன். காற்றுக்குப் பிய்யாமல் தைத்தே பழகிய கை. மெழுகு நூலை இரட்டையாகக் கோத்து, இழுத்து, முனைக்கு முனை முடிச்சுப் போட்டேன். ஒரு மூலை முடிந்தது. ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய இரண்டாவது பிள்ளையை அடக்கம் செய்த நாளோடு ஜெபத்தை விட்டவன் நான்.

நர்ஸ் அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “அண்ணாச்சி, இது தோணிக்கா, பிள்ளைக்கா? தோல் உரிஞ்சி போகும்லா” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து, இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். மாதாவே, பிள்ளையை எடுத்துக்கொள், என் தங்கையை மட்டும் விட்டுவிடு என்றேன். மனதார, முழங்காலில் நின்று சொன்னேன். இனி போர்வை எதற்கு என்று அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை பிலோமி கண் திறந்தாள். முதலில் பிள்ளையைக் கேட்டாள். அடுத்து, “போர்வைய முடிச்சாச்சாண்ணே?” என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தால், நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பிள்ளை நீலம் பாய்ந்து கிடந்தது.

நான் கேட்டதைத்தானே மாதா கொடுக்கிறார்கள்? பேசியபடி ஒன்றைக் கொடுத்தாகிவிட்டது, மற்றதை எடுக்கிறார்கள். அந்த வராந்தாவில் நான் பட்ட பயத்தை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

போர்வையை எடுத்தேன். கடையில் சின்ன ஊசியும் மெல்லிய நூலும் வாங்கிவந்தேன். மாதாவே, நேற்றுச் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அது பயத்தில் வந்த பேச்சு என்று சொல்லிக்கொண்டே தைத்தேன். வரிசைக்கு ஒரு மங்கள வார்த்தை. பாதி ஜெபம் மறந்துபோயிருந்தது. தெரிந்த வரையில் சொன்னேன். சின்ன ஊசி என் தடித்த விரலுக்குள் நிற்காமல் குத்திக்கொண்டே இருந்தது. என் தையல் கோணல்மாணல்தான். பிலோமியின் தையலில் ஒரு முடிச்சுகூட வெளியே தெரியவில்லை, நூல் முனையை மடிப்புக்குள் ஒளித்திருந்தாள். நானும் அதைப் பார்த்து அப்படியே செய்தேன். பொழுது சாயும்போது முடிந்தது. மெழுகு நூல் மூலையைப் பிரிக்க நேரமில்லை. அந்த மூலை கால் பக்கம் வரும்படி பிள்ளையைச் சுற்றினார் நர்ஸ்.

அன்று பிள்ளை சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் தாய்ப்பால் குடித்தது. தகப்பன் கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது அந்தப் போர்வைக்குள்தான் மகளைப் பார்த்தான்.

அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும், என் வார்த்தைதான் வந்து நிற்கிறது என்று பதறுவேன். குடியை விட்டேன். ஞாயிறு பூசையை விடவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

போன மாதம் பிலோமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். பிறகு சொன்னாள்: “மாதா அதக் கேட்டுத்தாண்ணே இருப்பாவ. கேக்காத மாதிரி இருந்துட்டாவ.”

அன்பானவர்களே, கேட்டது கிடைத்தது என்று இங்கே பலர் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒன்றைத் தராமல் விட்டதற்காக நன்றி சொல்ல நிற்கிறேன். ஜெபிக்கத் தெரியவில்லை, தப்பாகக் கேட்டுவிடுவேன் என்று பயந்து யாரும் ஒதுங்கி இருக்க வேண்டாம். வாயில் வந்ததைச் சொல்லுங்கள். எதைக் காதில் வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று அங்கே தெரியும்.

அந்த முரட்டு மூலையைப் பிரித்து நன்றாகத் தைத்துத் தரட்டுமா என்று பிலோமியிடம் கேட்டேன். பிள்ளை விடமாட்டாள் என்றாள். மூன்று வயதாகிறது. அந்த மூலையைக் கையில் பிடித்தால்தான் தூங்குகிறாளாம்.