மழையில் மடக்கிய குடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். நிரந்தர வேலையையும் தோட்டத்து வீட்டையும் விட்டுச் சொந்தமாகக் கொந்தரப்பு, அதாவது ஒப்பந்த வேலை, எடுத்தபோது எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள். முதல் வேலை, பக்கத்துத் தோட்டத்து ரோட்டோரத்தில் மண் சரியாமல் தாங்க ஒரு கல்கட்டு.

முதல் நாளே அடைமழை. குடை பிடித்து நின்றிருந்தேன். வளைவில் வெள்ளைக்காரத் துரையின் குதிரை தெரிந்தது. துரை வந்தால் குடையை மடக்கிவிட்டு ரோட்டை விட்டு இறங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். என் கை தானாகக் குடையை மடக்கியது. கால் ரோட்டோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கியது. துரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

என்னை நம்பி வேலையை விட்டு வந்த கொத்தனார் முத்தையா சிரித்துவிட்டார்.

“இப்ப நீங்க மொதலாளிங்க. இன்னும் எதுக்குங்க நனையிறீங்க?”

கூச்சமாகப் போயிற்று. இனி எவனுக்கும் மடக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாளும் மழை. குடையை நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் முத்தையா தலையில் போட்டிருந்த சாக்கை அவசரமாக எடுத்துவிட்டுக் கானுக்குள் இறங்கி நின்றார்.

“என்ன முத்தையா இது? ஏறி வாங்க.”

“பழகிப்போச்சுங்க” என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அவரை மேலே தூக்கிவிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. குடையை மடக்கினேன்.

அந்தக் கல்கட்டு இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால், வெயிலிலும் என் கை மடக்குவதற்குக் குடையைத் தேடும்.