செல்விக்கு வந்த அட்டெண்டன்ஸ்

பதினேழு வருட ராணுவ வேலைக்குப் பிறகு, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன்.

ஒருநாள் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, வராத செல்விக்காக அவள் தோழி "பிரசென்ட் சார்" என்றாள். நான் விறைப்பாக எழுந்து, "சார், செல்வி வரல" என்றேன். பழைய பதிவுகளையும் தோண்டி, பொய் வருகைகளை அடித்தார்கள். வருகை குறைந்து, செல்விக்கு ஹால்டிக்கெட் கிடைக்கவில்லை.

பிறகு புவனகிரி பஸ்ஸில் அவளைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு டயாலிசிஸ்ண்ணா. வாரத்துல ரெண்டு நாள் கடலூருக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். ஆர்மில உங்களுக்காக யாரும் ஒரு பொய்கூட சொன்னதில்லியா?"

மகள் பிறந்தபோது, லீவு முடிந்தும் முகாமுக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் போனேன். ரோல் காலில் என் பெயருக்குக் குரல் கொடுத்துக் காப்பாற்றியவன் பக்கத்துக் கட்டில்காரன்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப சரிதாண்ணா" என்றாள். படிப்பை அதோடு நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் என்னை நேர்மையானவன் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.