தலையில் ஒயர் மாட்டுகிறவன் சொன்ன தீர்ப்பு

1. வரையறை

"இன்னா நைனா, நீதான் தலைல ஒயர் மாட்றவனா?"

இருபத்திரண்டு வருடப் பணியில் என் வேலையை இவ்வளவு துல்லியமாக யாரும் வரையறுத்ததில்லை. அறைக் கதவில் 'ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன்' என்று பலகை இருக்கிறது. என் மாமனார் வெளியே சொல்லும்போது "மாப்பிள்ளை நியூரோவில் இருக்கார்" என்பார். கேட்பவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் நாங்கள் இருவருமே திருத்துவதில்லை. இந்த அம்மாள் மூன்றே சொல்லில் திருத்திவிட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

"நீதான் இவளுக்குச் சுத்தமா கீதுன்னு சொன்னியா?"

'இவள்' அவருக்குப் பின்னால் நின்றாள். கீழுதட்டில் இரண்டு தையல், முழங்கையில் கட்டு. அவளுக்கும் பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு அவள் கணவன். அவளை எனக்குத் தெரியும். சங்கீதா. பன்னிரண்டு நாளுக்கு முன்பு இதே கட்டிலில் படுத்திருந்தாள்.

பொய் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. அறிக்கையில் என் கையெழுத்து கிடையாது. நான் சொன்னதற்குச் சாட்சியும் கிடையாது. ஆனாலும் "ஆமாம்மா" என்றே மறுபடியும் வந்தது. துணிச்சல் ஒன்றும் இல்லை, வேறு வார்த்தை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

2. நான் செய்யும் வேலை, செய்யக் கூடாத வேலை

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மயிலாப்பூரில், குளத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு நரம்பியல் டாக்டரின் கிளினிக்கில் எனக்குப் பின்கட்டு அறை. வருகிறவர் தலையில் அளவெடுத்து, பேஸ்ட் தடவி, இருபத்தோரு லீடு, அதாவது ஒயர் முனை, ஒட்டுவேன். தலைக்கு ஷாம்பு போட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லிச் சீட்டு கொடுப்போம். எங்கள் பேட்டை மாமிகள் அதைப் படித்துவிட்டு, "கொஞ்சூண்டுதான் வச்சிண்டேன்" என்று வருவார்கள். லீடு வழுக்கிக்கொண்டு காதுக்கு வரும். அரை மணி நேரம் மூளையின் மின்னலைகள் திரையில் ஓடும். கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து இழுத்து விடு, விளக்கைப் பார். பிறகு பேஸ்ட்டைத் துடைத்து அனுப்பிவிடுவேன்.

அலையைப் பார்த்து அர்த்தம் சொல்வது டாக்டரின் வேலை. என் வேலை முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்வது. பயிற்சியில் இதைச் சொல்லித் தருவதில்லை. கட்டிலில் படுத்திருப்பவர் திரையைப் பார்க்க முடியாது, அதனால் என்னைத்தான் பார்ப்பார். நான் தும்மினால்கூட அதில் ஒரு நோய் தெரியும். கல்யாணமாகிப் பல வருடமாகிவிட்டதால் வெறும் முகத்துக்கு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஒரே ஒரு நாள் தவறினேன்.

3. ஒரு சிரிப்பு

சங்கீதா கிண்டிப் பெண். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. பதினான்கு வயதில் வலிப்பு வந்து, அன்றிலிருந்து மாத்திரை. ஐந்து வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. கணவன் சேகர் தரமணிக்கு கம்பெனி பஸ் ஓட்டுகிறான். அவனுக்கு எல்லாம் தெரியும். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அவன் அம்மா அஞ்சலைக்கு எதுவும் தெரியாது.

மாத்திரை அட்டையை சானிட்டரி நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். அந்த வீட்டில் வேறு யாரும் கை விடாத ஒரே இடம் அதுதான். கல்யாணமான நான்கு வருடமும் அங்கேயே இருந்தது.

மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை நம்மில் யாரும் படிப்பதில்லை. சங்கீதா படித்தாள். அந்த மருந்து வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டாள். அதனால் கணவனும் மனைவியும் பிள்ளை வேண்டாமென்று ஜாக்கிரதையாக இருந்தார்கள். அதே நான்கு வருடமும் மாமியார் கோயில் கோயிலாகப் போய், பிள்ளை வேண்டும் என்று மரத்தில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் எங்கள் மேடத்திடம் வந்து, "குழந்தை வேணும் டாக்டர். மாத்திரையை நிறுத்தணும்" என்றாள். மேடம் மறுக்கவில்லை. ஐந்து வருடம் வராமல் இருப்பது நல்ல சகுனம், பார்க்கலாம், முதலில் ஈ.ஈ.ஜி. எடுங்கள், அதுவரை மாத்திரையில் கை வைக்காதீர்கள் என்றார். டெஸ்ட் எடுத்த நாளில் மேடம் ஊரில் இல்லை. அடுத்த வாரம்தான் ரிவ்யூ.

பேஸ்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்குண்ணா?" என்றாள்.

தினம் பத்துப் பேர் கேட்பார்கள். "டாக்டர் சொல்லுவாங்க" என்பது என் வாயில் தானாக வரும் பதில். ஆனால் அன்று ரெக்கார்டிங் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு கோணல்கூட இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒருவருக்கு நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

"சுத்தமா இருக்கும்மா. ஒண்ணுமே இல்லை."

அவள் கண் கலங்கிவிட்டது. "அப்ப நிறுத்திடலாமாண்ணா?"

"அதை டாக்டர் சொல்லுவாங்க" என்றேன். சரியான வாக்கியம். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தவறு. அந்தச் சிரிப்புக்கு மருந்துச் சீட்டின் மதிப்பு இருந்தது எனக்குத் தெரியாது.

அன்று மாலையே மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் நாள் காலை, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது விழுந்தாள்.

4. விசாரணை

மேடம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அஞ்சலையம்மா ஆரம்பித்தார். "கொயாயாண்ட கை கால் இஸ்துக்கினு கெடக்கறா டாக்டரம்மா. வாயில நொர. சாவிக்கொத்த எடுத்து கைல திணிச்சேன். அப்புறந்தான் நின்னுச்சு."

"சாவி குடுக்கலைன்னாலும் நின்னிருக்கும்மா. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

"அதுவரிக்கும் நான் சும்மா நிக்கணுமா? என் கை சும்மா நிக்காதே."

"கடிகாரத்தைப் பாருங்க. எத்தனை நிமிஷம்னு எனக்கு வந்து சொல்லணும். அது உங்க வேலை."

வேலை கிடைத்ததும் அஞ்சலையம்மா கொஞ்சம் தணிந்தார். மேடம் விளக்கினார்: ஈ.ஈ.ஜி. அரை மணி நேரத்துப் படம். அது சுத்தமாக இருந்தாலும் வலிப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல வருட மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், போன வலிப்பும் திரும்பி வரும்.

"அரை மணி நேரம் கடலைப் பாத்துட்டு, அலை இல்லைன்னு படகைத் தள்ளிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வூட்ல ஏது படகு? நான் ஏலத்துல எடுத்து விக்கறவ" என்றார் அஞ்சலையம்மா.

மேடத்தின் உவமை ஒன்று அடிவாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கும் உரிமை எனக்கு அன்று இல்லை.

பிறகு அஞ்சலையம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "நாலு வருசமா தொட்டில் கட்டிக்கினு கீறேன்டீ. நீங்க ரெண்டு பேரும் வேணான்னு கீறீங்க, நான் வேணும்னு கேட்டுக்கினு கீறேன். சாமி யார் பேச்சத்தான் கேக்கும்?"

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம் அத்தே."

"அனுப்பிச்சிட்டு? இவனுக்கு எவ சோறு போடுவா? நானா?" என்று மகனைக் காட்டினார். சேகர் தரையில் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "மாத்திர துன்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த பாக்கெட்டுல ஒளிச்சு வெப்பியா? கருமம்."

மேடம் சீட்டு எழுதினார். பிள்ளைக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத வேறு மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பழையதை மறுபடி தொடங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் வைட்டமின் இன்றிலிருந்தே. மாற்றம் முடிந்து, வலிப்பில்லாமல் ஒரு வருடம் போகும்வரை கர்ப்பம் கூடாது. "குறைக்கறதுக்கு வேற சைஸ் மாத்திரை எழுதியிருக்கேன். மீன் மாதிரி துண்டு போடாதீங்க."

"முழுசா நிறுத்தறது, டாக்டர்?" என்று சங்கீதா கேட்டாள்.

"இப்ப முடியாதும்மா. மாத்தத்தான் முடியும்."

அவர்கள் போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். "மேடம், முறையாக் குறைச்சிருந்தா அந்தப் பொண்ணு மாத்திரையே இல்லாம இருந்திருக்குமா?"

"தெரியாது. குறைச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." பேனாவை மூடினார். "இனிமே தெரியாது."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5. ரிவ்யூ நாட்கள்

அதன் பிறகு ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் அஞ்சலையம்மாதான் மருமகளை அழைத்து வந்தார். வெளியே உட்காரமாட்டார். என் அறையில் ஏ.சி. உண்டு என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா நைனா, வாய மூடிக்கினு கீறியா?" என்பதுதான் வணக்கம்.

மாத்திரைப் பொறுப்பு அவரிடம் போய்விட்டது. எழுத்து அதிகம் தெரியாது. பழைய மாத்திரைக்கு ஒரு டப்பா, புதியதற்கு ஒரு டப்பா, மூடியில் நெயில் பாலிஷ் பொட்டு. தெருவில் யாரோ மருமகளுக்குக் காத்து கருப்பு என்று சொன்னார்களாம். "ஆமாண்டி, பேய்தான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திர துன்ற பேய், உங்க வூட்டுக்கு அனுப்பட்டுமான்னேன்" என்றார்.

பழைய மாத்திரை நிற்க ஐந்து மாதம் ஆனது. நடுவில் ஒரு நாள் கடையில் கை உதறியது என்று ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, பண்டிகை நேரத்தில் தூங்காமல் வேலை பார்த்த களைப்பு. ஆனாலும் குறைப்பதை மேடம் ஒரு மாதம் தள்ளிப்போட்டார். சங்கீதா அன்று என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததும் எனக்குப் புரிந்தது.

பழைய மாத்திரை நின்று ஒரு வருடம் கழித்து மேடம் சம்மதித்தார். அதற்கும் சில மாதம் கழித்துப் பிள்ளை உண்டாயிற்று. நான்காம் மாதம் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கி, மேடம் மாத்திரையைக் கூட்டியபோது, "மாசமா கீறவளுக்கு ஏத்துவியா?" என்று அஞ்சலையம்மா மேஜையைத் தட்டினார். கர்ப்பத்தில் உடம்பு மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும், வலிப்பு வந்து விழுந்தால் பிள்ளைக்கும் ஆபத்து என்று மேடம் விளக்க, "அப்டி சொல்லு" என்று அடங்கினார்.

6. கற்றுக்கொண்டது

இப்போது லீடுகளைக் கழற்றியதும் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் சொல்கிறேன்: "ரிப்போர்ட் டாக்டர் சொல்லுவாங்க. அவங்க சொல்ற வரைக்கும் இன்னிக்கு மாத்திரையை இன்னிக்குப் போட்டுக்கணும்." போன வாரம் தலைவலிக்காக வந்த ஒரு மாமா, "நான் மாத்திரையே சாப்பிடறதில்லையே" என்று பதறிப்போய் மேடத்திடம் ஓடினார். பரவாயில்லை.

சங்கீதாவுக்குப் பெண் பிறந்தது. மூன்று மாதத்தில் தூக்கிக்கொண்டு ரிவ்யூவுக்கு வந்தார்கள். மருமகள் உள்ளே போக, அஞ்சலையம்மா பேத்தியோடு என் அறையில் உட்கார்ந்தார். அன்று வணக்கம் இல்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ எத்தினி தலைய பாத்திருப்பே. சொல்லு. இதுக்கும் வருமா?"

"தெரியாதும்மா" என்றேன். சிரிக்கவில்லை.

"டாக்டரம்மாவும் அப்டித்தான் சொன்னிச்சு. பெரும்பாலும் வராது, ஆனா சத்தியம் பண்ண முடியாதுன்னுச்சு" என்றார். பிறகு, "இந்த ஒரு வார்த்த கத்துக்க உனக்கு இத்தினி வருசமா?" என்றார்.

மருமகளுக்கு மாத்திரை வாங்கவேண்டும் என்று எழுந்தார். சுற்றிப் பார்த்தார். வேறு ஆள் இல்லாததால் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அது கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்தது. பழக்கப்படி முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டேன்.