டோரதிக்குப் படித்த ஓலைகள்

சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அதை யாரும் மூடி மறைக்க முடியாது. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவே சாமியார் பிரசங்க மேடையில் ஏறி, இன்னார் மகளை இன்னார் மகன் மணக்கப்போகிறார், இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று உரக்கப் படிப்பார். அதற்கு ஓலை என்று பெயர். ஓலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ காலமாகியும் பெயர் மாறவில்லை. மூன்றாம் ஓலை முடிந்த புதன்கிழமை தாலி. டோரதிக்கு இப்படி மூன்று முறை, முறைக்கு மூன்று ஞாயிறு, ஓலை படித்தார்கள். மூன்று முறையும் மாப்பிள்ளை லூயிஸ்தான். ஆனால் தாலி ஏறவே இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பீடிகை.

டோரதி கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள். உயரமானவள், சற்று எடுப்பான பல், நடக்கும்போது குடையைத் தரையில் ஊன்றி ஊன்றி நடப்பாள். தாய் இல்லை. அப்பா ஆம்ப்ரோஸ் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லூயிஸ் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அவனும் அவளும் கோயில் பாட்டுக் குழுவில் பாடிப் பாடியே ஒருவருக்கொருவர் பிடித்துப்போனவர்கள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம், ஜாதகம் பார்க்கிற தொல்லையும் இல்லை.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தலைவர்களையெல்லாம் ஒரே மூச்சில் பிடித்து உள்ளே போட்டார்கள். யுத்த காலம். இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்று ஒரு சட்டம் இருந்தது. அதில் எந்த விரலை வைத்தாலும் ஒரு குற்றம் கிடைக்கும். ஊரில் தந்திக் கம்பி அறுத்தவர்கள் இருந்தார்கள், தபால் பெட்டிக்குத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள். டோரதி அதற்கெல்லாம் போகவில்லை. மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் லஸ் முனையில் போய் நின்றாள். கையில் ஒரு அட்டை. தலைவர்களை விடுதலை செய், எங்கள் நாட்டை நாங்களே ஆளவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. அரை மணி நேரம் நிற்பார்கள், பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். கூட நின்றவர்களில் மயிலாப்பூரில் துணி தைத்துப் பிழைத்த அமீனா பீ ஒருத்தி. இந்த நாலு பெண்களைக் கண்டுதான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த ஐப்பசியில் முதல் ஓலை. மூன்றாம் ஞாயிறும் முடிந்தது. கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைத்தவள் அமீனா பீதான். திங்கட்கிழமை மத்தியானம் பந்தல்கால் நடும்போது சப் இன்ஸ்பெக்டர் மர்சலின் வந்து, மன்னிக்கணும் அண்ணே, மேலிடத்து உத்தரவு என்று ஆம்ப்ரோஸிடம் தலையைச் சொறிந்துகொண்டே டோரதியைப் பிடித்துக்கொண்டு போனார். குற்றச்சாட்டு என்று எதுவும் கிடையாது. சந்தேகத்தின் பேரில் இரண்டு மாதம் வைத்திருக்கலாம் என்று விதி சொல்லியது, வைத்திருந்தார்கள். அதற்குள் கிறிஸ்துமஸும் போய்விட்டது. அவள் வெளியே வந்தபோது பள்ளிக்கூடத்தில், விவகாரம் தீர்ந்ததும் வா என்று அன்பாகச் சொல்லிவிட்டார்கள். விவகாரம் இன்னது என்றே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி லஸ்ஸுக்குப் போனாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம், அதில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மாசியில் இரண்டாம் தடவை ஓலை படித்தார்கள். அதே போல மூன்றாம் ஞாயிறு முடிந்தது. அதே போல மர்சலின் வந்தார். இந்தத் தடவை கேஸ் இருந்தது: போன வருஷம் லஸ்ஸில் சட்டவிரோதமாகக் கூட்டம் கூடியது. அரை வருஷமாக ஞாபகம் வராத குற்றம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஞாபகம் வந்தது. ஜாமீன் கிடையாது. வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் சர்க்கார் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் மாஜிஸ்திரேட்டுக்கு ஜலதோஷம், ஒரு நாள் சாட்சிக் கான்ஸ்டபிளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தபசு காலம் வந்து, ஈஸ்டரும் போனது. கோடையில் ஒரு நாள் மாஜிஸ்திரேட், சாட்சி இல்லை, கேஸ் தள்ளுபடி என்றார். லூயிஸ் வாசலில் பூவோடு நின்றான். டோரதி படியிறங்கிக் கடைசிப் படியில் கால் வைக்கும்போது, புது உத்தரவு என்று ஒரு தாளை நீட்டி, அங்கிருந்தபடியே வேலூர் ஜெயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நிரூபிக்க வேண்டும் என்று போட்ட கேஸாக இருந்தால்தானே சாட்சி வருவான்? அலைக்கழிக்கப் போட்ட கேஸ் அது, அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தது. லூயிஸ் பூவை எங்கே போட்டான் என்று தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் அவளை விட்டார்கள். பார்க்க வந்த அமீனா பீதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“ரெண்டு தபாவும் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் கீதுன்னு சொல்லச்சேதான் வரானுங்க. அவனுங்களுக்கு எப்டிமா தெரியுது? ஒங்க கோயில்லதான் மைக் வெக்காத கொறையா சொல்லிக்கினு கீறீங்களே.”

ஆமாம். மர்சலின் அதே கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு தவறாமல் பெஞ்சாதி பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்காருவார். காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வருகிறவரே அவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோயிலில் காதில் விழுந்ததை ஸ்டேஷனில் எழுதி வைத்தார், அவ்வளவுதான். எந்த நாளில் பிடித்தால் ஒரு பெண்ணின் இடுப்பு ஒடியும் என்று மேலிடத்துக்குச் சாமியாரே ஓலை படித்துச் சொன்னது போல ஆகிவிட்டது.

லூயிஸ் சாமியாரிடம் ஓடினான். வழி இருந்தது. பிஷப்பிடம் எழுதிக் கேட்டால் ஓலையிலிருந்து விலக்குத் தருவார். ஒரு விடியற்காலைப் பூசையில் இரண்டு சாட்சியை வைத்துத் தாலி கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆம்ப்ரோஸ்கூட இறங்கி வந்தார். ஓலை படிக்காமல் கட்டினால் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் வாய் பேசும் என்பது அவருக்குத் தெரியும். பேசிவிட்டுப் போகட்டும் என்றார். பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் வளர்த்த மனம்.

ஒத்துக்கொள்ளாதவள் டோரதி.

“நான் லஸ்ஸுல நட்ட நடுவுல மூஞ்சியக் காட்டிக்கினுதான் நின்னேன். கல்யாணத்தை மட்டும் இருட்டுல ஒளிஞ்சிக்கினு கட்டிக்கணுமா? நான் இன்னா திருடியா?”

“ஒரே ஒரு தடவ டோரதி,” என்றான் லூயிஸ். “எனக்காக.”

“இதுல ஒளிஞ்சேன்னா அதுலயும் தப்பு கீதுன்னு ஆயிடும் லூயிஸ்.”

அவள் சொன்னது நியாயம்தான். இன்றைக்கு நினைத்தாலும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் அவளைத் தவிர வேறு யாருக்கும் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட உதவவில்லை என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லூயிஸ் ஓலைக்கே தலையாட்டினான். பொங்கல் கழிந்து மூன்றாம் தடவையாக ஓலை படித்தார்கள். பின்வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மர்சலின் முழங்காலில் இருந்தார்.

திங்கட்கிழமை அவர் வந்தபோது கையில் இரண்டு தாள். ஒன்றில் கையெழுத்துப் போட்டால் மற்றதைக் கிழித்துவிடலாம், புதன்கிழமை நானே கல்யாணத்துக்கு வருகிறேன் என்றார். முதல் தாளில், நான் செய்ததற்காக வருந்துகிறேன், இனி எந்தக் கிளர்ச்சியிலும் சேரமாட்டேன் என்று இருந்தது. லூயிஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் பேனாவைக்கூட எடுத்து மூடியைக் கழற்றி வைத்திருந்தான்.

டோரதி படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“பாவமில்லாததுக்கு மனஸ்தாபப்பட்டு வருந்துறேன்னு எழுதிட்டு நாளைக்குப் பூசையில எப்டி சார் நற்கருணை வாங்குறது? நீங்களே சொல்லுங்க.”

மர்சலின் இரண்டாவது தாளைக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் சென்னை நகர எல்லையை விட்டு வெளியேற வேண்டும், மறு உத்தரவு வரும்வரை உள்ளே கால் வைக்கக் கூடாது. லூயிஸ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

எல்லை அடையாற்றுக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் முடிந்தது. டோரதி பாலவாக்கத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் போய் இருந்தாள். சாந்தோம் அங்கிருந்து சைக்கிளில் ஒரு எட்டுத்தான். அதே கடல், அதே காற்று, கண்ணை மூடினால் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் போக முடியாது. மீன்காரப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தாள். வாரா வாரம் ஸ்டேஷனில் தலையைக் காட்டினாள். கல்யாணத்துக்குப் பாலவாக்கம் வந்துவிடேன் என்று லூயிஸிடம் கேட்டாள். சர்க்கார் ஊரைவிட்டுத் துரத்திய பெண்ணைக் கட்டினால் கம்பெனியில் சீட்டுக் கிழிந்துவிடும் என்றான். ஏற்கெனவே துரை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தாராம். அவனுக்கும் படுத்த படுக்கையாக ஒரு தாய். முதலில் ஞாயிறுதோறும் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு மழைக்காலம் என்றான். மழை விட்ட பிறகும் வரவில்லை. அமீனா பீ மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தைத்த ரவிக்கையும் பக்கோடாவுமாக வந்து போனாள். லூயிஸைப் பற்றிக் கேட்டால், நமக்கின்னா தெரியும் என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

யுத்தம் முடிந்தது. அந்த வருஷக் கடைசியில் உத்தரவை ரத்து செய்து இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. குற்றம் இருந்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஆம்ப்ரோஸ் அடையாறு பாலத்துக்கே ரிக்‌ஷாவோடு வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.  வீட்டில் காப்பி போட்டு வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். லூயிஸுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷமாகிறது. பெண் பெயர் பியாட்ரிஸ். இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள்.

“கோயில்ல யாருமே எனக்குச் சொல்லலியே நைனா. ஓலை படிச்சிருப்பாங்களே.”

“ஓலை படிக்கலம்மா. ஒன் பேரு படிச்ச மேடையில வேற பேரு படிக்க வேணாம், ஒனக்குச் சேதி போய்ச் சேரும்னு அவன்தான் பிஷப்பாண்ட போயி விலக்கு வாங்கிக்கினான். விடிகாலப் பூசையில முடிச்சிட்டாங்க.”

டோரதி காப்பியைத் தொடவில்லை. அழவும் இல்லை. ஒன்றைத்தான் கேட்டாள்.

“எத்தினி ஞாயிறு நைனா எனக்குப் படிச்சாங்க? தடை கீதா, தடை கீதான்னு சாமியார் ஒவ்வொரு தடவையும் கேட்டாரே. மர்சலின் முன்வரிசையிலதான குந்திக்கினு இருந்தாரு. ஒரு தடவையாவது எழுந்திருச்சி கீதுன்னு சொன்னாரா?”

“இல்லம்மா,” என்றார் ஆம்ப்ரோஸ்.